சுண்டிக்குளி முத்தையாவும் திருத்தித் திருத்தி வந்த தமிழ் ரைப்ரைட்டரும்



எங்கட ஆக்கள் போன நாடுகளில் எல்லாம் முதலில் கோயில் கட்டினார்கள், பிறகு சங்கம் வைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பிழைக்கப் போன நாட்டில் ஒரு கந்தோரில் லிகிதராக இருந்துகொண்டு, முழுத் தமிழுக்கும் ஒரு மெசின் செய்து தந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரும் இருந்தார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று சொல்லப்படும் இராமலிங்கம் முத்தையாதான் அவர். பெயர் கேள்விப்பட்டவர்கள் பலர். அவர் அந்த மெசினை எப்படிச் செய்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தச் சிறு கட்டுரை.

முத்தையா 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இங்கிலிசு படித்த இளைஞர்களுக்கு ஊரிலேயே உத்தியோகம் கிடைப்பது வில்லங்கம். மலாயாவில் வெள்ளைக்காரன் றெயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான். றப்பர்த் தோட்டங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. அதனால் எத்தனையோ இளைஞர்கள் கப்பலேறினார்கள். மலாயாப் பென்சனியர் என்ற சொல்லை எங்கட பேரன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது அப்படிப் போனவர்களுக்கு ஊரில் வைத்த பெயர். முத்தையாவும் 1907இல், 21 வயதில், அந்த வழியால்தான் போனார். பிறகு சிங்கப்பூரில் ஐல்ஸ்பரி அன்ட் கார்லன்ட் என்ற கம்பனியில் சேர்ந்து, தலைமை லிகிதராக உயர்ந்து, 1930ஆம் ஆண்டு வரைக்கும் அங்கே வேலை பார்த்தார்.

அவர் எஞ்சினியர் இல்லை. மெசின் செய்யும் பக்டரியில் வேலை செய்தவரும் இல்லை. கந்தோரில் இங்கிலிசு ரைப்ரைட்டர் நாளும் பொழுதும் ஓடும். எந்தக் கடிதமும் சில நிமிசத்தில் அச்சுப் போல வந்துவிடும். தமிழில் அப்படி ஒரு கடிதம் வேணுமென்றால் ஒன்றில் கையால் எழுத வேணும், இல்லாவிட்டால் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துப் பொறுக்கி அடுக்க வேணும். இங்கிலிசுக்கு இருக்கும் வசதி தமிழுக்கும் வர வேணும் என்ற எண்ணம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது.

இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. இங்கிலிசில் 26 எழுத்து, பெரிசும் சிறிசுமாக 52. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. 46 விசை உள்ள ஒரு ரைப்ரைட்டரில் ஒரு விசைக்கு இரண்டு எழுத்தாக 92 இடம்தான் கிடைக்கும். அதற்குள் இலக்கங்களும் வேணும், காற்புள்ளி முற்றுப்புள்ளியும் வேணும், ஜ, ஷ, ஸ, ஹ போன்ற வடவெழுத்துகளும் வேணும்.

சரி, பிரித்து எழுதலாம் என்றால் அதிலும் சிக்கல். காவன்னாவை க என்றும் அரவு என்றும் பிரித்து விடலாம். கெ, கே, கை எல்லாவற்றையும் அப்படியே பிரிக்கலாம். ஆனால் கு, சு, து, று, கூ, சூ, தூ, றூ என்று போகும் வரிசையைப் பாருங்கோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அந்த இரண்டு வரிசையிலும் 36 எழுத்து. போதாக்குறைக்கு, அவர் காலத்தில் ணா, றா, னா மூன்றும் சுழித்து ஒரே எழுத்தாக இருந்தன. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்தது போல இருந்தன. தமிழ்நாட்டு அரசாங்கம் 1978இல் எழுத்தைச் சீர்திருத்திய பிறகுதான் இப்போது நாங்கள் எழுதும் வடிவம் நிலைத்தது. இதெல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தால் கணக்கு 100ஐத் தாண்டிவிடும். கையில் இருப்பதோ 92 இடம்.

முத்தையா எழுத்துகளைக் கழற்றிப் பார்த்தார். மெசின் பழுது பார்க்கிறவன் சாமானைக் கழற்றி நிலத்தில் பரப்பி வைத்துப் பார்ப்பது போலத்தான். எந்தக் கோடு எந்த எழுத்துக்குப் பொது, எந்தச் சுழி எத்தனை எழுத்தில் திரும்ப வருகிறது என்று பார்த்து, பொதுவானதைத் தனியே எடுத்தார். ஒரு பாகம் பல எழுத்துக்கு உதவினால் அந்த அளவுக்கு விசை மிச்சம்.

அடுத்த தொல்லை, மேலே வரும் குறிகள். குற்று, விசிறி இரண்டும் எழுத்தின் தலையில் ஏற வேண்டியவை. ரைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் ஒரு எழுத்து விழும், உடனே கடதாசியைப் பிடித்திருக்கும் வண்டி ஒரு இடம் நகர்ந்துவிடும். நகர்ந்த பிறகு குற்றுப் போட்டால் அது எழுத்தின் மேலே விழாது, பக்கத்தில் விழும். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட வழி நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், வண்டி அசையாது. அடுத்ததாக எழுத்தைத் தட்டும்போது அது குறியின் கீழே வந்து பொருந்தும், அதன் பிறகே வண்டி நகரும். கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுக் குற்று வைக்கிறோம். ரைப்ரைட்டரில் குற்றை வைத்துவிட்டு எழுத்தை அடிக்க வேணும். பிரெஞ்சு போன்ற மொழிகளில் எழுத்துக்கு மேலே போடும் குறிகளுக்கு இந்த முறை ஏற்கனவே இருந்தது. அதைத் தமிழுக்குப் பொருத்தி எடுத்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

இவ்வளவும் கடதாசியில். மெசினாக வருவதற்கு ஒரு பக்டரி வேணுமே! அதற்குள் 1914இல் முதலாம் உலக யுத்தம் வந்துவிட்டது. சிங்கப்பூர் பிரிட்டிஷ்காரன் கையில், நல்ல ரைப்ரைட்டர் செய்கிறவன் ஜேர்மன்காரன். யுத்தம் முடியும் வரை காத்திருந்துதான் ஜேர்மனியில் சைடல் அன்ட் நவுமன் கம்பனிக்குச் செய்யக் கொடுத்தார். அது டிரெஸ்டன் நகரத்துக் கம்பனி. தையல் மெசின், சைக்கிள், ரைப்ரைட்டர் மூன்றும் செய்தவர்கள். இரும்புச் சாமானில் கை தேர்ந்தவர்கள், ஆனால் தமிழ் அவர்களுக்குப் பாஷையே இல்லை, படம்தான். லகரத்துக்கும் வகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிங்கப்பூரில் இருந்து கப்பல் தபாலில் விளங்கப்படுத்துவது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கோ.

அப்படி வந்த முதல் மெசின் ஸ்டாண்டர்ட் என்ற பெரிய ரைப்ரைட்டர். தமிழ் அடித்தது. அதோடு அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு லிகிதர் செய்த வேலைக்கு அதுவே பெரிய காரியம். ஆனால் அவர் தன்னுடைய மெசினையே மற்றவன் செய்த மெசினைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதில் இருந்த குறைகளை எடுத்து, அவற்றை நீக்கி, பிஜோ என்ற சிறிய, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரைப்ரைட்டரைக் கொண்டு வந்தார். அதிலும் சில குறைகள் தெரிந்தன. அவற்றையும் திருத்தி ஐடியல், எரிகா என்ற மெசின்களில் தமிழைக் கொண்டு வந்தார். பிஜோ, ஐடியல், எரிகா என்பவை அந்தக் கம்பனி தன் ரைப்ரைட்டர்களுக்கு வைத்த பெயர்கள். உடம்பு அவர்களுடையது, உள்ளே இருந்த தமிழ் முத்தையாவுடையது.

தமிழ் ரைப்ரைட்டரில் என்ன குறை வரும் என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். ரைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். ரகரம் ஒல்லி, ணகரம் பருமன். ஒல்லியின் நடுவில் வைக்கும் குற்று, பருமனின் நடுவிலும் சரியாக விழ வேணும். எழுத்தை நெருக்கினால் மை அப்பும், விரித்தால் சொல் பிரிந்து போகும். அடிக்கடி வரும் எழுத்து சின்னி விரலுக்குப் போனால் கை நோகும். இதெல்லாம் கடதாசியில் தெரியாது. மெசினைச் செய்து, ஒருவர் இருந்து பக்கம் பக்கமாக அடித்தால்தான் தெரியும்.

இந்த விசயம் எனக்கு நன்றாக விளங்குவதற்குக் காரணம் நான் இருக்கும் இடம். ஷார்ஜா தொழில்பேட்டையில், நாங்கள் சனையா என்று சொல்லும் இடத்தில், அலுமினியம் ஜன்னல், கதவு செய்யும் பக்டரியில் வேலை. ஒரு பெரிய கட்டிடத்துக்கு ஓர்டர் வந்தால் 1,000 ஜன்னலையும் உடனே வெட்டத் தொடங்க மாட்டோம். முதலில் ஒரே ஒரு சாம்பிள். படத்தைப் பார்த்து வெட்டி, பூட்டி, கண்ணாடி போட்டு நிறுத்துவோம். கன்சல்ரன்ற் எஞ்சினியர் வந்து பார்ப்பார். மூலையில் இடைவெளி, றப்பர் சரியாக உட்காரவில்லை, பூட்டு இறுக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பவும் செய்வோம். தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்பார்கள். ஒழுகினால் இன்னுமொரு தரம். எல்லாம் சரி என்று கையெழுத்து விழுந்த சாம்பிளைப் பக்டரியில் ஒரு பக்கத்தில் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புவது.

புதிதாக வருகிற பெடியள் முதல் சாம்பிள் திரும்பி வந்தால் முகம் வாடிப் போவார்கள். தன்னைப் பிழை சொன்னதாக நினைப்பார்கள். நாலைந்து ஓர்டர் பார்த்த ஆள் அப்படி வாட மாட்டார். எஞ்சினியர் வருவதற்கு முன்னாலேயே தானே சுற்றி வந்து குறை தேடுவார். எங்கே ஒழுகும் என்று தண்ணீர் பாய்ச்ச முன்னமே அவருக்குத் தெரியும். சாமான் திருந்துவதோடு செய்கிற ஆளும் திருந்துகிறார். வேலையில் முதிர்ச்சி என்று சொல்வது இதைத்தான். அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாங்க முடியாது. ஒவ்வொரு சாம்பிளாகத்தான் வரும்.

முத்தையாவின் வாழ்க்கையில் நான் பார்ப்பதும் இதுதான். ஸ்டாண்டர்டைச் செய்யக் கொடுத்த முத்தையாவும் எரிகாவில் தமிழ் ஏற்றிய முத்தையாவும் ஒரே ஆள் இல்லை. முதலாமவருக்குத் தமிழும் தெரியும், ரைப் அடிக்கவும் தெரியும். இரண்டாமவருக்கு மெசினும் தெரியும். இடையில் அவரைப் படிப்பித்தது அவருடைய மெசின்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேணும். கந்தோர் வேலையை அவர் உதறிவிட்டு இதைச் செய்யவில்லை. மாதச் சம்பளத்துக்குச் செய்யும் உத்தியோகம் ஒரு பக்கம், இந்த வேலை மற்றப் பக்கம். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்து வாழும் எங்கட சனத்துக்கு இது எவ்வளவு பாரம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு காலம் மாறியது. 1939இல் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டு வீச்சில் எரிந்தது. யுத்தம் முடிய ஜேர்மனி இரண்டாகப் பிரிந்து, டிரெஸ்டன் கிழக்கு ஜேர்மனியில் அகப்பட்டது. ஒரு ஊர் எரிவதென்றால் என்ன, ஒரு நாடு பிரிந்தால் சனம் என்ன பாடுபடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தமிழை விசையில் ஏற்றலாம் என்று ஒருவர் ஒருக்கால் காட்டிவிட்டால் அது பிறகு யாருடைய குண்டிலும் எரிந்து போகாது. கந்தோர்களிலும் கச்சேரிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் தமிழ் ரைப்ரைட்டர் சத்தம் கேட்டது. தமிழ் ரைப்பிங் படித்து எத்தனையோ பெண்பிள்ளைகள் உத்தியோகம் பார்த்தார்கள், குடும்பங்கள் நிமிர்ந்தன.

கம்பியூட்டர் வந்த பிறகும் அந்த வழி அறவில்லை. 90களில் புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கட மலர்களையும் கல்யாணக் காட்டுகளையும் அந்தியேட்டி அழைப்பிதழ்களையும் அடித்துத் தந்த பாமினி எழுத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நடு வரிசையில் இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்கு த, ம, ட. தமிழ் என்று அடிக்க விரல் தானாக ஜே, கே என்று ஓடும். அது பழைய ரைப்ரைட்டரின் வழி வந்தது. இலங்கையில் பாவிக்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் ரைப்ரைட்டர் வழி வந்ததுதான். 1999இல் தமிழ்நாட்டில் தமிழ்99 என்று வேறொரு முறை வந்தது. இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இங்கிலிசு எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். ஒவ்வொன்றும் முன்னதின் குறையைப் பார்த்துச் செய்த அடுத்த சாம்பிள். வரிசை இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. எங்களில் பலருக்குப் படிப்பு இடையில் நின்றது. ஏ.எல். உடன் நின்றவர்கள் இருக்கிறார்கள், அதுக்கும் முன்னம் பங்கருக்குள் பள்ளிக்கூடத்தைத் துலைத்தவர்களும் இருக்கிறார்கள். கையில் சேர்டிபிக்கற் இல்லை என்று ஒரு மூலையில் இருந்துவிட வேண்டாம். செய்கிற வேலை சமையலாக இருக்கட்டும், தையலாக இருக்கட்டும், வெல்டிங்காக இருக்கட்டும். முதலாவதைச் செய்து பாருங்கோ. அது குறையோடுதான் வரும். ஆட்களுக்குக் காட்டுங்கோ. சொல்லுவதைக் கேட்டு இரண்டாவதைச் செய்யுங்கோ. ஆட்கள் நல்லது என்று சொன்ன பிறகும் நீங்களே ஒருக்கால் சுற்றி வந்து பாருங்கோ. இந்தக் கடைசி வேலையைத்தான் அநேகம் பேர் செய்வதில்லை. சுண்டிக்குளியில் இருந்து கப்பலேறிய அந்த லிகிதர் அதைச் செய்தார்.

பிள்ளைகளுக்கு அவருடைய பெயரைச் சொல்லிக் கொடுங்கோ. இந்த மலரில் இருக்கும் எந்தப் பக்கத்தையும் காட்டி, இது விசைப்பலகையில் அடித்த தமிழ், இதற்கு முதல் வழி வெட்டியவர்களில் எங்கட ஊர் மனிதர் ஒருவரும் இருக்கிறார் என்று சொல்லுங்கோ.



ஷார்ஜாவில் இருந்து ஒரு தொழிலாளி