மீண்டும் மாணவரான ஆசிரியர்
(டாக்டர் உ. வே. சாமிநாதையர்)

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை இன்று நாம் நம் இல்லங்களில் அச்சு நூலாக எடுத்து ஓதுகின்றோம். பதின்மூன்று இலம்பகங்களும் நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறிய ஆண்டு 1887. அப்பெரும்பணியைச் செய்தவர் நம் சமயத்தவர் அல்லர். சைவத் திருமடம் ஒன்றில் தமிழ் பயின்ற அந்தணர். வாழ்க்கை நிலைபெற்றுவிட்டது என்று பிறர் ஓய்ந்திருக்கும் வேளையில், அறியாத துறையொன்றில் முதற் பாடத்திலிருந்து தொடங்கத் துணிந்த அவரது வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சாமிநாதையர் 1855 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19 ஆம் நாள், தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மையார். தந்தையார் இராம கதையை இசையோடு சொல்லி, அதனால் வரும் வருவாயைக் கொண்டு குடும்பத்தைப் பேணியவர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழின்மேல் தீராக் காதல். அதனை உணர்ந்த தந்தையார், தமிழ் கற்பிப்பார் எங்குளரோ அங்கெல்லாம் குடும்பத்தோடு சென்று தங்கினார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என அவ்வேழைக் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. மகனின் கல்வியையே பெருஞ்செல்வமாகக் கருதிய அப்பெற்றோரை நாம் முதலில் வணங்குதல் வேண்டும்.

1868 இல், பதினான்காம் வயதில், அவருக்கும் மதுராம்பிகை அம்மையாருக்கும் திருமணம் நிகழ்ந்தது. திருமணத்தோடு கல்வி முடிந்துவிடுவதே அக்காலத்துப் பலரின் நிலை. சாமிநாதையருக்கோ அதன் பின்னரே கல்வி வளர்ந்தது. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். அந்நூலை இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர் என்பதை நாம் அறிவோம். சிந்தாமணியைக் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோரின் தமிழ் அவருக்கு ஆசானாகிவிட்டது.

1871 இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயிலத் தொடங்கியிருந்தார். ஆசிரியர் அதனை விரும்பவில்லை என்று அறிந்ததும் அப்பயிற்சியைக் கைவிட்டார். 1876 இல் ஆசிரியர் மறைந்த பின், திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கற்றும் கற்பித்தும் வந்தார்.

1880 ஆம் ஆண்டு அக்குடும்பத்துக்கு ஒரு திருப்புமுனை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் எனப் பரிந்துரைத்தார். பிப்ரவரி 16 ஆம் நாள் அவர் பணியேற்றார். மாத ஊதியம் 50 ரூபாய். ஊர் ஊராக அலைந்த பெற்றோருக்கு நிலையான வாழ்வு கிட்டியது. இருபத்தைந்தாம் வயதில் அவருக்கு வேலையும் இருந்தது, மதிப்பும் இருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் முதலியவற்றின் பெயர்களையெல்லாம் அடுக்கினார். முதலியார் அவற்றில் மனம் நிறைவடையவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டோ என வினவினார். சாமிநாதையர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இது நாணம் தரும் நிலைதான். ஆயினும் அவர் சினக்கவில்லை, சாக்குப்போக்குச் சொல்லவுமில்லை. முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்று, அவரோடு சேர்ந்தே படிக்கலானார்.

சமண மரபில் வளர்ந்தார்க்கன்றி விளங்காத சொற்களும் கருத்துக்களும் அந்நூலில் நிறைந்திருந்தன. ஐயம் தீர்க்க வல்லாரைத் தேடிக் கும்பகோணத்துச் சமணர் வாழ்ந்த வீதிக்குச் சென்றார். சந்திரநாத செட்டியார் இல்லத்து வாயிலில் தோரணமும் கோலமும் பொலிந்தன. திருமணமோ என எண்ணினால், அன்றுதான் அவ்வில்லத்தில் சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்தியிருந்தது. ஏடு கிடைப்பதே அரிதென்று அவர் எண்ணிய நூலை, ஓர் இல்லத்தார் பல மாதங்கள் அமர்ந்து கேட்டு, அதன் நிறைவைக் குடும்ப விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு அவர் வியந்தார். பாடம் சொல்லி வந்தவர் வீடூர் அப்பாசாமி நயினார்.

அன்று முதல் கல்லூரியில் ஆசிரியராகவும் சமண இல்லங்களில் மாணவராகவும் அவர் இருந்தார். இல்லத்துப் பெண்மணிகளும் ஐயங்களுக்கு விளக்கம் தந்து உதவினர். அவரைப் பவ்வியர் என்றே நம்மவர் மதித்தனர். நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர் சிற்றாமூர் மடத்தில் சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்பது கன்னபரம்பரைச் செய்தி. உரையாசிரியர் சென்ற அவ்வழியிலேயே பதிப்பாசிரியரும் சென்றார் எனலாம். சைவர் சமண நூலைப் பதிப்பித்தல் தகுமோ எனக் குறை கூறியோரும் இருந்தனர். அவர் தளரவில்லை. ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டு, விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப்பிழை திருத்தி, ஏழாண்டு உழைப்பின் பயனாக நூலை வெளியிட்டார்.

அதன்பின் 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம் என நூல்கள் தொடர்ந்தன. புறநானூற்றுப் பணி நடந்துகொண்டிருந்த 1893 இல் தந்தையார் மறைந்தார். அத்துயரினூடே 1894 இல் அந்நூல் வெளிவந்தது. மணிமேகலைக்குப் பௌத்தம் அறிய வேண்டியிருந்தது. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் மீண்டும் மாணவராக அமர்ந்து கற்றார். அந்நூல் 1898 இல் வெளிவந்தது. 1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். திருவல்லிக்கேணியில் அமைந்த தம் இல்லத்துக்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டு, தமக்கு வாழ்வளித்தவரை நாள்தோறும் நினைந்தார்.

1919 இல் பணி ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. கொங்குவேளிர் இயற்றிய சமணக் காப்பியமாகிய பெருங்கதையை 1924 இலும், குறுந்தொகையைத் தம் எண்பத்திரண்டாம் வயதில் 1937 இலும் வெளியிட்டார். எண்பத்தைந்தாம் வயதை நெருங்கிய 1940 சனவரியில், ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன்னர், 1942 ஏப்ரல் 28 இல் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். குமாரர் கல்யாணசுந்தரையர் அதனை 1950 இல் நூலாக வெளியிட்டார்.

மணம், பதவி, மனை, ஓய்வு ஆகியவற்றை நாம் வாழ்வின் எல்லைக் கற்களாகக் கொள்கிறோம். அப்பெரியார்க்கு ஒவ்வொன்றும் அடுத்த பயணத்தின் தொடக்கமாயிற்று. அவர் கற்க வந்தபோது, கற்பிக்க நம் முன்னோர் ஆயத்தமாயிருந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. அன்று தோரணம் கட்டிய அவ்வீட்டில் சிந்தாமணி ஓதப்படாதிருந்தால், அவர் ஐயங்களுக்கு விடை எங்கே கிடைத்திருக்கும்? திருமணம், புதுமனை புகுதல், மக்கட்பேறு ஆகிய நன்னாட்களை நம் இல்லங்களில் சிறப்பாகக் கொண்டாடுகின்றோம். நூலொன்றை ஓதி முடித்த நாளையும் அவற்றோடு சேர்த்துக் கொண்டாடுவோமாக. நாளை நம் வாயிலில் வந்து கேட்பார்க்கு விடை கூற நம் மக்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.