நோயை வென்று நூல் தந்த பெருந்தகை: ஸ்ரீ சமந்தபத்திராசாரியர் வரலாறு

தென்னாடு சமண சமயத்திற்கு அளித்த ஆசாரியப் பெருமக்களுள் முன்வரிசையில் வைத்து வணங்கத்தக்கவர் ஸ்ரீ சமந்தபத்திர சுவாமிகள். வாதியர் தலைவர் என்றும், கவிஞருள் கவிஞர் என்றும், அனேகாந்தக் கொள்கைக்கு அரண் அமைத்தவர் என்றும் பின்வந்த ஆசாரியர்கள் அவரைப் போற்றினர். அவருடைய வாதத் திறத்தையும் நூற்சிறப்பையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர் கொடிய நோய்க்கு ஆட்பட்டதையும், அந்நோயை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதியோர் இல்லாத வீடும், மருந்துப் பெட்டி இல்லாத முதியோரும் அரிதாகிவிட்ட இந்நாளில், அவ்வரலாற்றை விழா மலரின் வழியே நினைவுகூர்வது நம் குடும்பங்களுக்குப் பெரிதும் பயன் தரும்.

சமந்தபத்திரர் அரச குலத்தில் தோன்றியவர் என்பது மரபு. ஆப்தமீமாம்சையின் பழைய ஏட்டுப்படி ஒன்றன் இறுதிக் குறிப்பு, அவரைப் பணிமண்டலத்து உரகபுரத்து மன்னரின் மகன் என்று கூறுகிறது. உரகபுரம் என்பது சோழர் தலைநகரான உறையூரே என்று அறிஞர் பலர் கொள்வர். துறவு பூணுமுன் அவருக்குச் சாந்திவர்மன் என்று பெயர் வழங்கியது என்பதை ஸ்துதிவித்யா என்னும் அவரது சித்திரகவி நூலின் இறுதிச் செய்யுளைக் கொண்டு உணர்வர். அவர் காலத்தை கி.பி. 2-ஆம் நூற்றாண்டு என்று கொள்வோரும், அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்போரும் உளர். காலம் எதுவாயினும், அவர் காஞ்சி மாநகரோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதில் மரபுக்கு ஐயமில்லை. அவர் கூற்றாக வழங்கும் பழஞ்செய்யுள் ஒன்று, அவரைக் காஞ்சியின் திகம்பரத் துறவி என்றே அறிமுகம் செய்கிறது.

இளமையிலேயே முனிதீட்சை பெற்று, ஆகமமும் தருக்கமும் இலக்கணமும் கற்றுத் தேர்ந்து, ஒழுக்கத்தில் சிறிதும் வழுவாது வாழ்ந்துவந்த அப்பெருமானைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றிக்கொண்டது. உண்டதெல்லாம் நொடியில் சாம்பலாகிவிடுவது போன்ற பெரும்பசி நோய் இது. தமிழில் இதனை யானைத்தீ என்பர். சீவக சிந்தாமணியில் சீவகனுக்குக் கல்வி கற்பித்த அச்சணந்தி அடிகளை வருத்தியதும், சீவகன் இட்ட உணவால் தணிந்ததும் இந்நோயே என்பதை நம்மவர் அறிவர்.

ஆயுர்வேத நூலார் இந்நோய்க்குக் காரணமும் மருத்துவமும் வகுத்துள்ளனர். உடலில் கபம் குறைந்து, பித்தம் மிகுந்து வாதத்தோடு கூடும்போது, வயிற்றுத் தீ அளவுகடந்து வளர்கிறது. அது முதலில் உணவை எரிக்கிறது. உணவு கிடையாதபோது உடலின் தாதுக்களையே எரித்து, நோயாளியை இளைக்கச் செய்கிறது. நெய்யும் பாலும் கலந்த, இனிப்பும் குளிர்ச்சியும் செறிவும் மிக்க உணவை மீண்டும் மீண்டும் அளித்து அத்தீயைத் தணிப்பதே இதற்கு மருந்து. பாயசம் போன்ற உணவுகள் இங்கே மருந்தாகவே கொள்ளப்பட்டன.

திகம்பர முனிவருக்கோ இம்மருத்துவம் எட்டாக்கனி. அவர் ஒரு நாளில் ஒருமுறை மட்டுமே, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு உண்பவர். கவளங்களுக்கு அளவு உண்டு. இடையில் இடையூறு நேர்ந்தால் அன்றைய உணவும் அவ்வளவே. விரும்பிய உணவைக் கேட்டுப் பெறுவதும் அவர்க்கு ஆகாது. ஆகவே நோய்க்கு மருந்து இருந்தும், அம்மருந்தை உட்கொள்ள நோன்பு இடந்தரவில்லை. நோன்பைக் காத்தாலோ நோய் உடலைத் தின்றது. முதலில் பொறுமையால் வெல்ல முயன்றார். பசியை வெல்லுதல் முனிவர் தாங்க வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் முதலாவது அன்றோ? ஆயினும் இது இயல்பான பசியன்று. நாளுக்கு நாள் உடல் தளர்ந்தது.

இனி இவ்வுடலைப் பேணிப் பயனில்லை என்று எண்ணிய சமந்தபத்திரர், தம் குருவை அணுகிச் சல்லேகனை ஏற்க இசைவு வேண்டினார். நோன்பைக் கைவிடுவதைக் காட்டிலும் உடலைக் கைவிடுவது மேல் என்பது அவர் கருத்து. குருவோ இசையவில்லை. சீடருடைய ஆயுளையும் ஆற்றலையும் அறிந்த அவர், நோய் தீரக்கூடியதே என்றும், இச்சீடரால் அறநெறிக்கு ஆகவேண்டிய தொண்டு பெரிது என்றும் உணர்ந்திருந்தார். ஆதலின் முனிக்கோலத்தைச் சிறிது காலம் துறந்து, எவ்வழியிலேனும் நோயைத் தணித்துக்கொண்டு, பின்னர்ப் பிராயச்சித்தம் செய்து மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார்.

இந்த ஆணை எத்துணைக் கடுமையானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சாகத் துணிந்தவரை வாழச் சொன்னார் குரு. அதுவும் உயிரினும் மேலாகப் போற்றிய கோலத்தைக் களைந்துவிட்டு வாழச் சொன்னார். சமந்தபத்திரர் மனம் நொந்தார். ஆயினும் தம் மனத்துணிவைவிடக் குருவின் அறிவே பெரிதென்று கொண்டு பணிந்தார். முனிக்கோலத்தை வைத்துக்கொண்டே மறைவில் உண்ணும் பொய்மையை அவர் நாடவில்லை. கோலத்தைக் களைந்த பின்னரே மருத்துவத்தைத் தேடினார்.

அதன்பின் அவர் பல ஊர்களில் பல கோலங்களில் திரிந்தார் என்று கதாகோசம் முதலிய நூல்கள் கூறுகின்றன. உடலில் நீறு பூசியும், பௌத்தத் துறவியாகியும், பரிவிராசகராகியும் உணவு தேடினார். எங்கும் நோய்க்குப் போதிய உணவு கிடைக்கவில்லை. இறுதியில் சிவகோடி என்னும் மன்னனின் சிவாலயத்தை அடைந்தார். அது காசியில் நிகழ்ந்தது என்று கதாகோசமும், காஞ்சியில் நிகழ்ந்தது என்று கன்னட ராஜாவளி கதையும் உரைக்கும். அக்கோயிலில் நாள்தோறும் பெருமளவில் நெய்யும் பாலும் இனிப்பும் கூடிய நைவேத்தியம் படைக்கப்பட்டது. சைவத் துறவியின் கோலத்தில் இருந்த சமந்தபத்திரர், அவ்வுணவைத் தெய்வமே ஏற்குமாறு செய்வதாகக் கூறி, கதவை அடைத்துத் தாமே உண்டார். இதனை நம் நூல்கள் மறைக்காமலே சொல்கின்றன. அவர் பட்ட நெருக்கடியின் அளவை நாம் அறிய வேண்டும் என்பதே அந்நூலாசிரியர்களின் நோக்கம் போலும்.

மருந்து வேலை செய்தது. சில நாட்களில் தீ தணியத் தொடங்கியது. படைத்த உணவில் ஒரு பகுதி மிஞ்சியது. மிச்சம் நாளுக்கு நாள் பெருகவே, மன்னனுக்கு ஐயம் எழுந்தது. உண்மை வெளிப்பட்டபோது, சிவலிங்கத்தை வணங்குமாறு மன்னன் கட்டளையிட்டான். அருகனையன்றி வணங்காத சமந்தபத்திரர், இருபத்து நான்கு தீர்த்தங்கரரையும் போற்றி ஸ்வயம்பூ ஸ்தோத்திரத்தைப் பாடலானார். எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரபிரபரின் துதியை எய்தியபோது அப்பெருமானின் திருவுருவம் அங்கே தோன்றியது என்பது மரபு. மன்னன் சிவகோடி அவர் அடிபணிந்து சீடனானான். சமந்தபத்திரர் குருவை அடைந்து, பிராயச்சித்தம் ஏற்று, மீண்டும் முனிக்கோலம் பூண்டார்.

சிரவணபெளகுளத்தில் சந்திரகிரி மலைமேல் உள்ள பார்சுவநாத பசதியில், சக ஆண்டு 1050-ஐச் சேர்ந்த மல்லிசேணப் பிரசஸ்தி என்னும் கல்வெட்டு உள்ளது. பஸ்மக நோயையே பஸ்மமாக்கியவர் என்றும், பத்மாவதி தேவியின் அருள் பெற்றவர் என்றும், தம் மந்திர மொழியால் சந்திரபிரபரை வருவித்தவர் என்றும் அக்கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. அதாவது, அவர் நோயுற்றதைப் பின்வந்தோர் இழுக்காகக் கருதவில்லை. கல்லில் பொறித்துப் பெருமையாகவே போற்றினர். திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் ஆலயத்தின் அருகே சந்திரபிரபர் ஆலயத்தை வணங்கும்போதெல்லாம் இவ்வரலாறு நம் நினைவில் எழத்தக்கது.

நலம் பெற்ற சமந்தபத்திரர் செய்த தொண்டு அளவற்றது. பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, டக்க நாடு, காஞ்சி, விதிசை, கரகாடகம் ஆகிய இடங்களில் அவர் வாதமுரசு அறைந்து வென்ற செய்தியை அதே கல்வெட்டு கூறுகிறது. 114 செய்யுள் கொண்ட ஆப்தமீமாம்சைக்கு அகளங்கர் அஷ்டசதி என்னும் உரையும், வித்தியானந்தர் அஷ்டசகஸ்ரி என்னும் விரிவுரையும் வரைந்தனர். யுக்த்யனுசாசனமும் ஸ்வயம்பூ ஸ்தோத்திரமும் இன்றும் ஓதப்படுகின்றன. இல்லறத்தார்க்கென 150 செய்யுளில் அவர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் வழியில் எழுந்ததே, குறள் வெண்பாவில் அமைந்த நம் அருங்கலச்செப்பு. குரு அன்று சல்லேகனைக்கு இசைந்திருந்தால், இச்செல்வங்களில் எத்தனையை நாம் இழந்திருப்போம்!

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு சிராவகாசாரத்தைப் படிப்போர்க்கு அந்நூலின் சில இடங்கள் புதுப்பொருள் தரும். வறட்சி, முதுமை, நோய் ஆகியவை நேர்ந்தபோது சல்லேகனை ஏற்கலாம் என்று விதிக்கும் ஆசிரியர், அவை மாற்று வழி அற்றனவாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்த்தே விதிக்கிறார். மாற்று இருந்த நோயில் தமக்கு அனுமதி மறுக்கப்பட்டதை அறிந்தவர் இட்ட நிபந்தனை அது. நோயின் துன்பத்திற்கு அஞ்சியோ, பிறர்க்குப் பாரமாகிறோம் என்னும் மனச்சோர்வாலோ வாழ்வை வெறுப்பது சல்லேகனை ஆகாது என்பது இதனால் விளங்கும்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மையை விளக்குமிடத்து, உடல் இயல்பாகவே தூயதன்று. மும்மணியால் தூய்மை பெறும் அவ்வுடலை அருவருக்கலாகாது என்கிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டும் உத்தாயண மன்னன், நோயுற்ற முனிவராக வந்தவர் தன்மேல் உமிழ்ந்தபோதும் முகம் சுளியாது கழுவித் துடைத்துப் பணி செய்தவன். நெறியினின்று தளர்ந்தோரை மீண்டும் நெறியில் நிறுத்துதல் மற்றோர் உறுப்பு. தளர்ந்து, பின் நிறுத்தப்பட்ட ஒருவரே அதனை எழுதினார் என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. வையாவிருத்தியம் என்னும் பணிவிடையில் உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என நான்கு தானங்களை அடக்கிய அவர், மருந்தை உணவுக்கு அடுத்த நிலையிலேயே வைத்தார்.

நம் இல்லங்களில் நோன்பை முன்னிட்டு மருந்தை மறுக்கும் முதியோர் பலர். இரவுண்ணாமை காப்போர், மருத்துவரிடம் அதனை வெளிப்படையாகச் சொன்னால், பல மருந்துகளைப் பகற்பொழுதிற்கு மாற்றித் தர அவரால் இயலும். விலங்குப் பொருளால் ஆன ஜெலட்டின் உறை மாத்திரைக்கு மாறாகத் தாவர உறை உள்ளதையோ வேறு வடிவ மருந்தையோ கேட்டுப் பெறலாம். நீரிழிவு உடையோர் மருத்துவர் கருத்தறியாது நீண்ட உபவாசம் மேற்கொள்வது நன்றன்று. நோன்பில் தளர்வு தேவைப்பட்டால், அதனை மறைவில் செய்யாது, முனிவரிடமோ ஆன்றோரிடமோ தெரிவித்து, நலம் பெற்றபின் மீண்டும் ஏற்பதே சமந்தபத்திரர் காட்டிய வழி. இளையோரின் கடமை இதனினும் பெரிது. வேளைதோறும் மருந்து தருவதும், படுக்கையை மாற்றுவதும், சலிப்பின்றி அருகிருந்து கேட்பதும் பூசைக்கு ஒப்பான அறங்கள். மருந்துச் செலவைச் சுமை என்று முதியோர் செவிபடக் கூறுவது, செய்த அறத்தையும் அழித்துவிடும்.

உடல் நிலையற்றது என்று போதித்த பெருமானே, அறம் இயற்றுதற்பொருட்டு அவ்வுடலைக் காத்தார். கோலத்தை இழந்தும் காட்சியை இழவாது நின்றார். நோய் நீங்கியபின் கிடைத்த வாழ்நாள் முழுவதையும் அறத்திற்கே ஈந்தார். அவர் திருவடிகளை நினைந்து, நம் இல்லத்து முதியோரைப் பேணுவோம். அவர்தம் எஞ்சிய நாட்கள் மும்மணி விளங்கும் நாட்களாகுக. எங்கும் அறம் வளர்க!