தொட்டியில் நீந்தும் ‘மிஸ் கேரளா’: அதற்குப் பெயர் வைத்த மெட்ராஸ் டாக்டர் பிரான்சிஸ் டே யார்?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வீட்டில் செடி வைத்த மீன் தொட்டி அமைக்க ஆசைப்படுபவர்கள் ஒருநாள் கொளத்தூர் கடைகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே பச்சைச் செடிகளுக்கு நடுவே, உடலில் சிவப்புக் கோடும் அதன் கீழே கறுப்புக் கோடுமாக ஒரு மீன் சீறிப் பாயும். கடைக்காரர்கள் ‘மிஸ் கேரளா’ என்பார்கள். அதன் அறிவியல் பெயரில் இருக்கும் ‘டெனிசோனி’, அன்றைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனைக் குறிக்கிறது. அந்தப் பெயரை 1865-ல் வைத்தவர் ஒரு டாக்டர்.

யார் இவர்?

பிரான்சிஸ் டே 1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். 1852-ல் மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தார். அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும், பயணிகள் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும்.

தண்ணீர், செடி, மீன் மூன்றும் சேர்ந்தால் கண்ணாடிப் பாத்திரத்திலும் உயிர்ச்சூழல் நிலைக்கும் என்று லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் காட்டியது 1850-ல்தான். அதாவது, மீன் தொட்டி மோகம் தொடங்கிய நேரத்தில் இவர் கப்பல் ஏறியிருக்கிறார்.

டாக்டர் மீன் பின்னால் போனது எப்படி?

கொச்சியில் பணியாற்றியபோது அங்கிருந்த மீன்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். அதன் பலன், 1865-ல் வந்த மலபார் மீன்கள் பற்றிய நூல். நம்ம ‘மிஸ் கேரளா’வும் முண்டக்கயம் மலைப்பகுதியிலிருந்து அதே ஆண்டில்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது.

எல்லாமே வெற்றி இல்லை. 1860-களில் நீலகிரிக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். வெளிநாட்டு மீனை நம் நீரில் விடுவது சரியா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. இன்று எழுகிறது.

லண்டனோடு என்ன தகராறு?

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியான ‘தி பிஷஸ் ஆஃப் இந்தியா’தான் இவரது பெரிய சாதனை. ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் நிபுணர் ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. விளைவு? 1883-ல் இவரது சேகரிப்பின் பெரும் பகுதி சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்குப் போனது. நம் ஆற்று மீன்களின் பழைய மாதிரிகளைப் பார்க்க ஆய்வாளர்கள் இன்றும் அந்தச் சேகரிப்பைத் தேடுகிறார்கள்.

அன்றே கொடுத்த எச்சரிக்கை

இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்தபோது, 1873-ல் நன்னீர் மீன்கள் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். சின்னக் கண்ணி வலையில் குஞ்சு மீன்கள் அள்ளப்படுவது, அணைகள் வலசைப் பாதையை மறிப்பது, நீரில் விஷம் கலப்பது என்று பிரச்சினைகளைப் பட்டியலிட்டார். விஷத்துக்கும் வெடிக்கும் தடை போட்ட இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1889-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் வெளியான அவரது கடைசி நூல், 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களைப் பதிவு செய்தது.

உங்கள் தொட்டிக்கு இதில் என்ன இருக்கு?

1990-களில் உலகச் சந்தையில் ‘மிஸ் கேரளா’வுக்கு மவுசு கூடியது. ஆறுகளிலிருந்து கணக்கில்லாமல் பிடித்தார்கள். இன்று அது அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணைகளிலும் இப்போது இதை வளர்க்கிறார்கள். அதனால் வாங்கும் முன் ஆற்று மீனா, பண்ணை மீனா என்று கேளுங்கள்.

இது வேகமாக ஓடும் மலை ஆற்று மீன். 15 செ.மீ. வரை வளரும். குறைந்தது ஆறு மீன்கள், நாலடித் தொட்டி, நல்ல நீரோட்டம், 25 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர் வேண்டும். சென்னை வெயிலில் இது லேசான வேலை இல்லை.

எந்த மீனாக இருந்தாலும், செடி நட்டுத் தண்ணீர் நிரப்பிய அன்றே விடாதீர்கள். கழிவில் உருவாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மிச்சமாகும் நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆற்றைப் புரிந்துகொள்ளாமல் மீனைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் டே எழுதிய அறிக்கையின் சாரம். ஆறுக்குச் சொன்னது நாலடித் தொட்டிக்கும் பொருந்தும்.