பெயரை மறைக்காதவர்: இரட்டைமலை சீனிவாசன்

திருவக்கரை வக்கிரகாளியம்மனை வழிபட முழுநிலா நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர். கோயிலுக்குச் செல்லும் பொதுத்தெருவில் நடக்க எவரும் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை என்பது இன்றைய சட்டம். நூறாண்டுகளுக்கு முன் தமிழகத் தெருக்களின் நிலை இதுவன்று. அவ்வுரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பெற்றவர், திண்டிவனத்திற்கு வடக்கே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்.

கோயம்புத்தூரில் பயின்ற நாளில் தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்று அவர் அஞ்சினார். வகுப்பு மணி அடிக்கும்வரை வெளியில் தனித்திருந்து படிப்பார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர் அணுகுமுன் வீட்டிற்கு விரைவார். அம் மாணவரே வளர்ந்து 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார்; 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழொன்றைத் தொடங்கினார். தம் பெயரைச் சொல்லக் கூசும் மக்கள் தம் உரிமையைக் கேட்டுப் பெற இயலாது என்பது அவர் கண்ட தெளிவு. அவ்விதழ் 1900 வரை வெளிவந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், 1921இல் தாயகம் திரும்பினார்.

1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது. பெயர் மாறியது, தெரு மாறவில்லை. 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான சீனிவாசன், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் சார்பில் பங்கேற்ற அவர், 1932இல் பூனா ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. சென்னை மாகாணத்திற்குரியவை 30.

1945 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவையும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தையும் அவர் காணவில்லை. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தேவைப்பட்டது. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் சிற்றூர்கள் இன்னும் உள்ளன. அவர் பெற்றுத் தந்த உரிமை ஏட்டில் நிலைத்துவிட்டது. அது தெருவிலும் நிலைப்பதே அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.