அகத்தியர் மலையேறிய அறிஞர் ஜான் ஆலன் பிரௌன்

பொதிகை என்னும் பெயரைக் கேட்ட அளவிலே தமிழர் நெஞ்சம் குறுமுனியை நினைந்து வணங்கும். தாமிரபரணிக்குத் தாயாகிய அம்மலைத் தொடரிலே, வானம் தெளிந்த காலைகளில் திருவனந்தபுரத்தின் கிழக்கே தனித்து நிமிர்ந்து தோன்றுவது அகத்தியர்கூடம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,130 அடி உயர்ந்த அச்சிகரத்தில், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. அதனை அமைத்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர்.

பிரௌன் 1817-ஆம் ஆண்டு டம்பிரீஸ் என்னும் ஊரிற் பிறந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்றபின், 1842 முதல் மேக்கர்ஸ்டன் என்னுமிடத்தில் பிரிஸ்பேன் துரை நிறுவிய காந்தவியல் கூடத்தின் பொறுப்பை ஏற்று, காந்த ஊசியின் அசைவுகளை ஆண்டுக் கணக்கிற் பதிவு செய்தார். அப்பணியே அவரை நம் நாட்டிற்கு அழைத்து வந்தது.

திருவனந்தபுரத்திலே சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் வானாராய்ச்சிக் கூடத்தை நிறுவியிருந்தார். அதன் முதல் இயக்குநர் கால்டெகாட் 1849-இல் மறைந்தார். அவருக்குப் பின் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரௌன் 1852-இல் இங்கு வந்து சேர்ந்தார். அப்போது ஆட்சி புரிந்தவர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா.

இந்நகருக்கு ஓர் அரிய சிறப்புண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இதற்கு அண்மையிற் செல்கின்றது. வடநாடுகளிலே ஒரு முனை தாழ்ந்து நிற்கும் காந்த ஊசி, இங்கே ஏறக்குறையச் சமமாகக் கிடக்கும். இத்தகைய இடத்தில் எடுக்கும் அளவுகளுக்கு உலகெங்கும் மதிப்புண்டு. எனினும் பிரௌனின் உள்ளத்தில் வேறொரு வினாவும் எழுந்தது. சமவெளியில் ஊசி அசையும் அதே வேளையில், ஆறாயிரம் அடிக்கு மேலே அது எவ்வாறு அசைகின்றது? பகலிலும் இரவிலும் ஏறி இறங்கும் காற்றழுத்தம் அங்கே எவ்வாறு மாறுகின்றது? இதற்கு விடை காண வேண்டுமாயின், கீழும் மேலும் ஒரே மணியிற் பார்த்துக் குறிக்க வேண்டும். நகரிலிருந்து நேர்க்கோட்டில் 21 மைல் தொலைவிலுள்ள அகத்தியர் சிகரத்தை அவர் தேர்ந்தது இதன் பொருட்டே.

அம்மலையின் இயல்பை அறிந்தால்தான் அவர் முயற்சியின் அருமை விளங்கும். அடிவாரம் யானைகள் உலவும் அடர்ந்த காடு. ஓடைகள் பல குறுக்கிடும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகிப் பாறையின் ஆட்சி தொடங்கும். வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்குவதால் கருங்கல்லில் வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பினுள் நீரும் வேரும் புகுந்து அகலப்படுத்துகின்றன. பெயர்ந்த கற்கள் சரிவிலே உருண்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்குகின்றன. ஆட்டுக்குட்டி அளவினதும் உண்டு, வீட்டளவினதும் உண்டு. அவற்றின் இடுக்குகளைப் புல்லும் சருகும் மூடியிருப்பதால், திடமென்று எண்ணி வைத்த கால் முழங்கால்வரை உள்ளே போகும். இரு பருவ மழையும் பெறும் மலையாதலின் பாசி படர்ந்து வழுக்கும். கல் அசைகின்றதா என்று முதலிற் பாதத்தால் அழுத்திப் பார்த்த பின்னரே உடற்பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். ஒருவர் காலடியிற் பெயர்ந்த கல் கீழே வருபவர்மேல் விழாதவாறு இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். உச்சியை அடுத்த செங்குத்துப் பாறைகளிலோ, இக்காலத்தும் கயிற்றைப் பற்றியே ஏறுகின்றனர்.

வெறுங்கையோடு ஏறுவதே இத்துணை அரிதென்றால், கருவிகளோடு ஏறுவது எத்தன்மைத்து! பாதரச அழுத்தமானி ஏறத்தாழ ஒரு முழ இரட்டை நீளமுள்ள கண்ணாடிக் குழாய். உள்ளிருக்கும் பாதரசம் குலுங்கி மோதினாற் குழாய் உடையும். ஆகவே அதனைத் தலைகீழாகப் பிடித்துச் சுமப்பது மலையேறும் ஆய்வாளர் வழக்கம். காந்தமானி வைக்கும் கூடத்திலோ இரும்பு கூடாது. ஓர் ஆணி இருந்தாலும் ஊசி பொய் சொல்லும். ஆதலின் கட்டடப் பொருளையும் தெரிந்தெடுத்தே மேலே கொண்டுசெல்ல வேண்டும். இவற்றையெல்லாம் பிரௌன் தனியே தூக்கிச் சென்றார் என எண்ணுவது பெரும் பிழை. நம் நாட்டுத் தொழிலாளர் தோள்களே காடும் பாறையும் கடந்து அவற்றைச் சுமந்தன. குளிருக்கும் விலங்குக்கும் அஞ்சிய நெஞ்சத்தோடும் அவர்கள் ஏறினர். அவர்களின்றி அம்மலையில் ஒரு பலகையும் நின்றிராது.

இவ்வாறு 1855-இல் மலைக்கூடம் எழுந்தது. திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ 30 அங்குலம் நிற்கும் பாதரசம், அங்கே 24 அங்குலத்தை ஒட்டி நின்றது. மழையும் மேகமும் சூழ, கடுங்காற்று வீச, குறித்த மணி தவறாமல் பார்த்து எழுதும் பணி நடந்தது. நேரம் குறிக்கும் பதிவேட்டோடு நாள் முழுதும் பழகும் இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, அப்பணியின் பாரம் ஓரளவு புரிகின்றது. கூரையும் விளக்கும் நாற்காலியும் உள்ள இடத்திலேயே ஒரு மணியின் பதிவை விடாது எழுதுதல் எளிதன்று.

பிரௌனின் தொண்டு காந்த ஊசியோடு முடியவில்லை. 1855-இல் தோன்றி 1857-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அவரே. ரெசிடெண்டு கல்லன் துரை அளித்த கனிமத் தொகுதி அதற்கு வித்தாயிற்று. பொதுத் தோட்டத்தை மேற்பார்த்தலும், பஞ்சாங்கம் வெளியிடுதலும் அவருடைய பிற பணிகள். பின்னர் 1880-இல் எழுந்த புதிய கட்டடம் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கியது. தொடங்கியவர் பெயர் மறைந்தது.

1865-இல் அவர் இந்நாட்டை விட்டு நீங்கினார். ஆயினும் எண்கள் அவரை விடவில்லை. பல்லாயிரம் பதிவுகளைச் சரிபார்த்து, திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலையிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்தவிலக்க அளவுகளை 1874-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். உலகின் பல கூடங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, பூமியின் காந்த வலிமை நாளுக்கு நாள் மாறுவது ஓரிடத்து நிகழ்ச்சியன்று, உலகெங்கும் ஒருங்கே நிகழ்வது என்று காட்டினார். அம்மாற்றங்களில் ஏறத்தாழ 26 நாளுக்கொரு முறை மீளும் ஒழுங்கைக் கண்டு, அதனைச் சூரியனின் சுழற்சியோடு இணைத்தார். 1878-இல் ராயல் சொசைட்டி அவருக்கு அரச பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் லண்டனில் அவர் காலமானார்.

அவர் பின்பற்றிய நெறி வீண்போகவில்லை. காந்த நடுக்கோட்டின் அண்மை கருதியே தும்பாக் கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. மலையுச்சியில் வினவியதை வானின் உயரத்திலே வினவும் காலம் வந்தது.

இன்று வனத்துறையின் அனுமதி பெற்று, போனக்காட்டு வழியே பலர் அகத்தியர்கூடம் ஏறுகின்றனர். நம் சங்கத்து இளைஞர்களும் ஏறட்டும். உச்சியில் அமைந்த முனிவர் திருவுருவை வணங்குங்கால், அப்பாறைகளின்மேல் கண்ணாடிக் குழாயை மார்போடணைத்து ஏறிய பெயரறியாத் தோழர்களையும், அவர்களை நம்பிய பிரௌனையும் ஒரு கணம் நினைக்கட்டும். தமிழ் வளர்த்த முனிவர் மலையிலே விஞ்ஞானமும் வளர்ந்தது என்பது தமிழராகிய நமக்கு உவகை தருவதன்றோ!