கோலும் களிம்பும்

நல்லதண்ணியில் என் மாணவர் சீனச் சண்டைப் படங்களை வியந்து பேசும்போதெல்லாம் எனக்கு வொங் பெய்ஹுங் நினைவே வரும். 1847-இல் தென்சீனத்துப் போஷான் பகுதியில் பிறந்தவர் அவர். தந்தை வொங் கெய்யிங்கே முதல் ஆசான். தெருவில் வித்தை காட்டி, மருந்து விற்று வயிறு வளர்த்த இளமை. புலியின் நகப் பிடியையும் நாரையின் அலகுக் குத்தையும் ஒரே அடவுத் தொடரில் பிணைத்த ஹுங் மரபு அவர்க்குக் கைவந்தது. நெடுங்கோலிலும் வல்லவர், நம் சிலம்பக்காரர் கண்டிருந்தால் உறவு கொண்டாடியிருப்பர்! கன்டன் நகரில் 'போ சி லாம்' என்னும் மருத்துவசாலை அமைத்து முறிந்த எலும்புகளைக் கட்டினார். வீரத்தினும் இப்பணியையே நான் பெரிதென்பேன்.

மகன் ஹொன்சாம் கொலையுண்டான். அதன்பின் மற்றை மைந்தர்க்கு அவர் அக்கலையைக் கற்பிக்கவில்லை என்பர். 1924 கலகத்தில் மருத்துவசாலையும் எரிந்தது. அவர் நெடுநாள் வாழவில்லை. மைந்தர்க்கு மறுத்த அடவுகளை மாணவர் லாம் சாய்விங் நூல்களாக்கினார்.