விண்மீன் அளந்த வைணு பாப்பு

தமிழ்ப் புலவர்க்கு விண்மீன் புதிய பொருளன்று. வடமீனைக் கற்புக்கு உவமையாக்கியும், வெள்ளியின் நிலைகண்டு மழைவளம் உரைத்தும் வானோடு உறவாடியவர் நம் சான்றோர். ஆயினும் வானில் ஒரு மீனைச் சுட்டி, அஃது எத்துணைத் தொலைவில் உள்ளது என்று வினவினால் விடை எளிதிற் கிட்டாது. மங்கலாகத் தோன்றும் மீன் இயல்பிலேயே ஒளி குன்றியதா, பேரொளி படைத்திருந்தும் சேய்மையால் மங்கியதா என்பதை வெறுங்கண் பிரித்தறியாது. இவ்வினாவுக்கு விடை காணும் முறையொன்றை உலகுக்கு அளித்ததோடு, தமிழ் மண்ணில் வானியலுக்கு ஒரு பெருங்கண்ணையும் அமைத்துத் தந்தவர் வைணு பாப்பு.

பிறப்பும் கல்வியும்

மலபாரைச் சேர்ந்த குடும்பத்தில் 1927 ஆகத்து 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் வைணு பாப்பு. தந்தையார் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். தொலைநோக்கியின் நிழலிலேயே வளர்ந்த மைந்தர்க்கு வானியல் குடும்பச் சொத்தாயிற்று. நிசாம் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று 1949-இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார்.

சென்ற சில மாதங்களிலேயே, வானைப் படம்பிடித்த தகடொன்றில் அதுவரை எவரும் அறிந்திராத வால்மீன் ஒன்றைக் கண்டார். பேராசிரியர் பார்ட் போக்கும் உடன்பயின்ற கார்டன் நியூகர்க்கும் அதனை உறுதிப்படுத்தினர். மூவர் பெயராலும் பாப்பு-போக்-நியூகர்க் வால்மீன் என்று அது வழங்கலாயிற்று. அப்போது பாப்புவின் அகவை இருபத்திரண்டைக்கூட எட்டவில்லை.

ஒளி உரைத்த உண்மை

1952-இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி ஆய்வு நல்கையுடன் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பலோமார் வானாய்வகங்களுக்குச் சென்றார். அவ்விடத்தின் பெருமையை இங்கே கூறுதல் தகும். தாமே ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் ஒருவகை மீன்களின் துடிப்புக் காலத்திற்கும் உண்மை ஒளிக்கும் தொடர்புண்டு என்பதை என்றியேட்டா இலெவிட் என்னும் அம்மையார் 1912-இல் வெளியிட்டார். எட்வின் அபுள் 1923-இல் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியால் ஆண்ட்ரமீடா என்னும் ஒளிமுகிலில் அத்தகைய மீன் ஒன்றைத் தனித்துக் கண்டார். அந்த ஒற்றை மீனே, அம்முகில் நம் பால்வழிக்கு வெகு தொலைவிலுள்ள வேறொரு விண்மீன் திரள் என்பதைப் புலப்படுத்தியது. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணிப்பு.

அங்கே ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் பாப்பு மேற்கொண்ட ஆய்வு வேறொரு வாயிலைத் திறந்தது. மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். மஞ்சள், செம்மை நிறமுடைய மீன்களில், கால்சியம் உண்டாக்கும் கருங்கோடொன்றின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒளிர்வதுண்டு. அக்கீற்றின் அகலம் மிக மிக, மீனின் உண்மை ஒளியும் மிகுகிறது. 185 மீன்களை ஆராய்ந்து இருவரும் 1957-இல் வெளியிட்ட இம்முடிவு வில்சன்-பாப்பு விளைவு எனப் பெயர் பெற்றது. உண்மை ஒளி தெரிந்தால், தோற்ற ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணித்துவிடலாம்.

இம்முறை நம் பால்வழியின் மீன்களுக்கே பெரிதும் பயன்படுவது. எனினும், அண்மையிலுள்ள மீன்களின் தொலைவு பிழையின்றித் தெரிந்தாலன்றிச் சேய்மைத் திரள்களை அளத்தல் இயலாது. தொலைவளக்கும் ஏணியில் கீழ்ப்படிக்கு உறுதி சேர்த்த பெருமை பாப்புவுக்கு உரியது.

தாயகப் பணி

அயல்நாட்டில் தங்கிப் புகழ் வளர்க்க வாய்ப்பிருந்தும் பாப்பு 1953-இல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகப் பொறுப்பேற்று, அதனை நைனிதாலில் நிலைபெறச் செய்தார். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் நிலையம், 1792-இல் சென்னையில் அமைந்த வானாய்வகத்தின் வழித்தோன்றல். அச்சென்னை வானாய்வகத்தார் 1871 திசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்வதற்கு, அன்னூருக்குக் கிழக்கேயுள்ள அவிநாசிக்கு வந்தனர் என்பது கொங்கு நாட்டார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

பகலவனை ஆராய்வதில் பெயர்பெற்றிருந்த கொடைக்கானலில் இரவு வானை ஆராயத்தக்க பெருங்கருவிகள் இல்லை. மலைமுகிலும் இடையூறாயிற்று. ஆதலின் தெளிந்த வானும் இருண்ட இரவும் உள்ள இடத்தைப் பாப்பு தேடலானார். தேடல் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் நிறைவுற்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக அமைந்த அவ்வூரிலிருந்து வடவானோடு தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம்.

1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டே வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு மீனை மறைத்த பொழுதில், அத்துணைக்கோளைச் சூழ மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான குறிப்பு கிடைத்தது. 1977-இல் யுரேனசு கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்விலும் காவலூருக்குப் பங்குண்டு. இதற்கிடையே 1971-இல் கொடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாயிற்று. பாப்புவே அதனை வழிநடத்தினார்.

நிறைவேறிய கனவும் காணாத கண்ணும்

கருவிகளை விலைக்கு வாங்குவதோடு அவர் மனம் அமையவில்லை. இந்நாட்டவர் கைத்திறத்தாலேயே ஒரு பெருந்தொலைநோக்கி உருவாக வேண்டும் என்று விழைந்தார். 2.34 மீட்டர் குறுக்களவுடைய ஆடிக்கு வேண்டிய கண்ணாடிக் கட்டி மட்டும் அயல்நாட்டிலிருந்து வந்தது. அதனைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நடந்தது. தேய்ப்பதும் சோதிப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன.

1979-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அவ்வொன்றியத்தின் பொதுப்பேரவை 1982 ஆகத்துத் திங்களில் கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் கூடியபோது, தலைமை ஏற்றிருக்க வேண்டிய பாப்பு செருமனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை மருத்துவத்திற்குப் பின், ஆகத்து 19-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் அகவையில் இயற்கை எய்தினார். காவலூர்ப் பெருந்தொலைநோக்கி அப்போது முற்றுப்பெறவில்லை.

உடனுழைத்தவர்கள் பணியைத் தொடர்ந்து முடித்தனர். 1986 சனவரி 6-ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கு வைணு பாப்பு தொலைநோக்கி எனப் பெயர் சூட்டினார். அந்நாளில் இந்தியாவிலேயே மிகப் பெரியது அதுவே.

இன்று அறிவியல் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. விண்வெளியில் சுழலும் அபுள் தொலைநோக்கி எடுத்து 2015-இல் வெளியான ஆண்ட்ரமீடாவின் படத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மீன்கள் தனித்தனியே தெரிகின்றன. அத்தனை கோடிக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு: ஒரே ஒரு மீனின் ஒளியைப் பொறுமையோடு படித்தவரே பெரும் பரப்பை அளந்தனர். பாப்பு அவ்வாறு படித்தவர். பிறர் படிப்பதற்குக் கருவியும் அமைத்தவர். தாம் நோக்காத தொலைநோக்கி வழியே வருவோர் நோக்கட்டும் என்று உழைத்த அப்பெருந்தகையின் பெயர், காவலூர் மலையில் இரவுதோறும் திறக்கும் கவிகைக்கூரையின் கீழ் நிலைத்து நிற்கிறது.